இரு வீட்டாரிலிருந்தும் ஒரு நடுவர்

பிரிந்துவிடுவது என்று முடிவாகிய பின், எப்படிப் பிரிவது என்பதை நம்மவர் பலர் யோசிப்பதேயில்லை. ஒருவர் வக்கீலிடம் ஓடுகிறார். மற்றவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். வழக்குக்கு முன்பே ஒரு வழியைத் திருமறை காட்டியிருக்கிறது.

ஸூரத்துன்னிஸாவின் 35-வது வசனம், தம்பதியரிடையே பிளவு வருமென்று அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தப் பணிக்கிறது. அஞ்சும்போதே! மூன்று வருஷம் பேச்சுவார்த்தையின்றி இருந்த பின் ஜமாஅத்துக்கு வந்து நடுவர் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில், இத்தகைய சமரச முயற்சி தலாக்குக்கு முன் நடந்திருக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

கீழக்கரை முதல் தொண்டி வரை நம் கரையோரத்தில் ஷாபிஈ மத்ஹபினரே மிகுதி. அம்மத்ஹபின் வலுவான கருத்துப்படி, நடுவர்கள் தம்பதியரின் வக்கீல்களே, அதாவது பிரதிநிதிகளே. கணவர் தலாக்கையும், மனைவி ஈட்டுத்தொகையையும் அவர்களிடம் ஒப்படைத்தாலன்றி அவர்களாகப் பிரித்துவைக்க இயலாது. ஆகவே முதல் வேலை, இருவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது. கணவர் சபரில் இருந்தால், இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். போனில் சொன்னார் என்பது பின்னால் நிற்காது.

கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது பழைய வழக்கம். அப்பெண் பிரிவினால் தெருவுக்கு வருவதில்லை. பெரும் நிஃமத் அது. எனவே அங்கே சச்சரவு நகை, கைக்கூலி, சீர் இவற்றில்தான். (கைக்கூலி வாங்கியதே தகாது, திருப்பித் தரவும் மனமில்லையென்றால் என்ன சொல்ல!) நடுவர்கள் நிக்காஹ் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு, மஹர் பாக்கி, நகைப் பட்டியல், இத்தாக் காலச் செலவு, பிள்ளை யாரிடம், அதன் செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து முடிவுசெய்யலாம் என்று அல்பகறா 233-வது வசனம் சொல்லும்போது, பள்ளிக்கூடச் செலவுக்கு ஏன் கோர்ட்?

மனைவியே விலக விரும்பினால் குல்உ உண்டு. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, அவருடைய குணத்திலும் மார்க்கத்திலும் குறை சொல்லவில்லை. ஆயினும் சேர்ந்து வாழ இயலவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தார்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரிவுக்கு வழிசெய்தார்கள். கணவரே வேறு பெண்ணை நாடி இவளை விலக்குகிறாரா? அப்போது கொடுத்ததில் எதையும் எடுக்க அந்நிஸா 20-வது வசனம் அனுமதிக்கவில்லை. இருவருமே விரும்பிப் பிரிவது முபாரஆத்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தனியார் ஷரீஅத் மன்றங்கள் தரும் குல்உ சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றமே அறிவிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஜமாஅத் தாளை மட்டும் நம்பி மறுமணம் செய்துவைத்தால் பாதிக்கப்படுவது அந்தப் பெண். எனவே ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அதையே இருவருமாகக் குடும்ப நீதிமன்றத்தில் வைத்து அறிவிப்புப் பெறலாம். சண்டையெல்லாம் வெளியிலேயே தீர்ந்திருக்கும். ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது 2017-ல் செல்லாதென்றாகி, 2019 சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகிவிட்டது.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அஞ்சி நடுங்குபவளின் கையெழுத்து சம்மதமாகாது. அவளுக்கு 1939-ம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது. கணவரின் கொடுமை அதில் ஒரு காரணமாகவே எழுதப்பட்டுள்ளது. அப்படிப்பட்டவளைப் பஞ்சாயத்துக்கு இழுக்காமல், கோர்ட்டுக்குத் துணையாகப் போவதே ஜமாஅத்தாரின் வேலை.