கோடை ஓட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகி உடலுக்குள் சேர்கிறது. கோடையில் இந்த வெப்பம் வெளியேறப் பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு: வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். ஆவியாகாமல் சொட்டி வீணாகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களின் புழுக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். உள்ளூர்ச் சாலைகளில் நடக்கும் 5, 10 கிலோமீட்டர் பந்தயங்களைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் பல, இந்த அடிப்படையை மறப்பதால் எழுபவை.

நம்பிக்கை: விடியற்காலையில் ஓடினால் ஆபத்தில்லை.

உண்மை: விடியல் மற்ற வேளைகளைவிட நல்லது, ஆனால் அதுவே முழுப் பாதுகாப்பு ஆகாது. காற்றின் வெப்பம் மிகக் குறைந்திருக்கும் அதே நேரத்தில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் வெயிலைத் தவிர்ப்பதற்காக நள்ளிரவில் தொடங்கப்பட்டது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் எல்லைக்கோட்டைத் தொட்டனர்.

இதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் வெப்பமானியின் அளவை மட்டும் நம்புவதில்லை. ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 விழுக்காடு, கதிர்வீச்சு வெப்பம் 20 விழுக்காடு, காற்றின் வெப்பம் 10 விழுக்காடு எனச் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று பயன்படுகிறது. அது 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூரப் பந்தயத்தை ரத்து செய்யவோ தள்ளிவைக்கவோ வேண்டும் என அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் மே மாத விடியலில், சூரியன் எழுமுன்பே இந்தக் குறியீடு சுமார் 26-ஐத் தொட்டுவிடும்.

நம்பிக்கை: பிறந்து வளர்ந்த ஊர் வெயில், உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கும்.

உண்மை: வெயிலில் உழைக்கும் உடலே வெயிலுக்குப் பழகுகிறது. பகல் முழுதும் குளிர்சாதன அறையில் இருப்பவர் எந்த ஊர்க்காரரானாலும் பழகாதவரே. வெப்பத்தில் நாள்தோறும் ஒரு மணி நேர அளவுக்கு மிதமாகப் பயிற்சி செய்தால், ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். வியர்வையில் வீணாகும் உப்பு குறையும். அதே வேகத்துக்கு இதயத் துடிப்பும் தணியும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் இந்தப் பலன் கரைந்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவை பழகிய உடலின் தாங்குதிறனையும் குறைக்கும்.

நம்பிக்கை: வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) மாரத்தான் ஓடுபவர்களுக்குத்தான் வரும், 10 கிலோமீட்டருக்கு வராது.

உண்மை: உடல் உண்டாக்கும் வெப்பம் வேகத்தைப் பொறுத்தது. குறைந்த தூரத்தை ஓடுபவர் அதிக வேகத்தில் ஓடுவதால், மணிக்கணக்கில் மெதுவாக ஓடுபவரைவிட விரைவில் சூடேறுகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபால்மத் சாலை ஓட்டத்தின் நீளம் சுமார் 11.3 கிலோமீட்டர். 18 ஆண்டுப் பந்தயங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது 274 பேருக்கு வெப்பவாதம் ஏற்பட்டது தெரியவந்தது. ஓடி முடித்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இருவர். ஆகவே கோடைப் பந்தயத்தில் ஓடுபவரின் கையில் இருக்கும் வலுவான தற்காப்பு வேகத்தைக் குறைப்பதே. டிசம்பரில் எட்டிய நேரத்தை மே மாதத்தில் எட்ட முயல்வது உடலியலுக்கு எதிரானது.

நம்பிக்கை: எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நல்லதே.

உண்மை: தண்ணீர் குறைவது போலவே மிகுவதும் கேடு. அளவுக்கு மீறிக் குடிக்கும்போது இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என அது முற்றக்கூடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. மூவருக்கு அபாய அளவில் இருந்தது. தாகத்துக்கேற்பக் குடிப்பது பெரும்பாலோருக்குப் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று பொருள். இன்னொன்றும் நினைவில் வேண்டும்: போதிய நீர் குடித்தவருக்கும், வேகமாக ஓடினால், வெப்பவாதம் வரலாம்.

எவ்வளவு என்பது போலவே எதைக் குடிப்பது என்பதும் முக்கியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் முதன்மையாக இழக்கப்படுவது சோடியமே. எனவே ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட நீர்மோர் அந்த இழப்பை இன்னும் நன்றாக ஈடுசெய்கிறது.

நம்பிக்கை: வியர்வை அதிகம் வழிந்தால் கொழுப்பு அதிகம் கரையும்.

உண்மை: குறைவது நீர், குடித்ததும் எடை திரும்பிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் உடையோ தடித்த மேலாடையோ அணிந்து ஓடுவது வியர்வை ஆவியாவதைத் தடுத்து ஆபத்தை மட்டுமே கூட்டும்.

நம்பிக்கை: உடல் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் கூடாது, சளி பிடிக்கும்.

உண்மை: சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். குளிர்ந்த நீரைக் குடிப்பது உடல் வெப்பம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். தலையில் ஊற்றிக்கொள்வது இதம் தரும். ஆனால் உள் வெப்பத்தைப் பெரிதாகக் குறைக்காது. அந்த இதத்தை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது.

நம்பிக்கை: வெப்பவாதம் வந்தவரின் தோல் காய்ந்திருக்கும், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதே முதல் வேலை.

உண்மை: ஓட்டத்தால் வரும் வெப்பவாதத்தில் தோல் பெரும்பாலும் வியர்த்தே இருக்கும். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதும் மூளை தடுமாறுவதுமே அடையாளம்: தள்ளாட்டம், உளறல், எரிச்சல், ஆளைத் தெரியாமை, மயக்கம். இது காய்ச்சல் அல்ல என்பதால் பாராசிட்டமால் பயன் தராது. கழுத்துவரை பனிக்கட்டி நீர்த் தொட்டியில் அமர்த்துவதே மிக விரைவான சிகிச்சை. ஃபால்மத்தில் பாதிக்கப்பட்ட 274 பேரும் அந்த முறையால் உயிர் பிழைத்தனர். தொட்டி இல்லாத இடத்தில் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீரை ஊற்றி, பனிக்கட்டி நீரில் நனைத்த துணிகளை மாற்றி மாற்றிப் போர்த்தி விசிற வேண்டும். 108-ஐ உடனே அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாதவருக்கு வாய்வழியே எதையும் புகட்டக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தைத் தணித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். எனவே முதலில் குளிர்விப்பு, அடுத்ததே பயணம்.