உங்கள் யோசனையைச் சபையில் எடுத்து வைப்பது எப்படி?



நம் பிள்ளைகளில் பலர் இன்று கட்டடக்கலை, உள் அலங்காரம், ஆடை வடிவமைப்பு படிக்கிறார்கள். படிக்காதவர்களிடமும் நல்ல யோசனைகள் உண்டு. ஆனால் கல்லூரித் தேர்விலோ ஜமாஅத் மஷூராவிலோ அதை எடுத்துச் சொல்லத் தெரியாததால், பயனுள்ள பல திட்டங்கள் பேச்சோடு நின்றுவிடுகின்றன. யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் தம் தேவையை அதில் காண வேண்டும். இந்த மாதப் பாடம் இதுதான்.

ரூபாய் குறியீடு சொல்லும் பாடம்

2009-ல் மத்திய அரசு ரூபாய்க்கு ஒரு குறியீடு வரைந்து தரும்படி போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு ஐந்து தேர்வாயின. வென்றவர் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை அவர் வடிவத்தை ஏற்றது.

அவர் தந்த விளக்கம் எளிமையானது. தேவநாகரியின் 'ர'வும் ஆங்கிலத்தின் 'ஆர்' எழுத்தும் இணைந்தது இந்த வடிவம். மேலே உள்ள இரண்டு கோடுகளும் நடுவில் உள்ள வெள்ளை இடமும் மூவர்ணக் கொடியை நினைவூட்டும். அந்தக் கோடுகளே சமக்குறியாகவும் நிற்கும். "அழகாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தாமல், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரியில் காரணம் இருந்தது. அந்தக் காரணமும் கேட்பவர் ஏற்கெனவே அறிந்த எழுத்திலிருந்தும் கொடியிலிருந்தும் வந்தது.

அகழ்ப் போர் தரும் பாடம்

ஹிஜ்ரி 5-ல் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, அகழி தோண்டலாம் என்று யோசனை சொன்னவர் ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி). அரபு மக்களுக்கு அது புதிய முறை. பாரசீகத்தில் எதிரிகள் சூழ்ந்தால் நாங்கள் இப்படித்தான் செய்வோம் என்று அவர் எடுத்துரைத்தார். எல்லோரும் அஞ்சிய ஆபத்துக்கு அது நேரடி விடை; வேறோரிடத்தில் செய்து பார்த்த முறை. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு, தாமும் மண் சுமந்தார்கள்.

நம் மஹல்லாவில் செய்து பார்ப்போம்

பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்தை மாற்றியமைக்க ஓர் இளைஞர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈரத் தரையில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அதன்பின் அவர் ஜமாஅத் தொழுகைக்கு வருவதே நின்றுபோகலாம். அவர் இப்படிச் செய்யட்டும்:

1. முதலில் நன்றி. இப்போதுள்ள இடத்தைக் கட்டிய பெரியவர்கள் சபையில் இருப்பார்கள். "இது தப்பாகக் கட்டியது" என்று தொடங்கினால் காதுகள் மூடிக்கொள்ளும்.

2. டைல்ஸ், பைப் விவரம் பிறகு. ஃபஜ்ருக்கு வரும் முதியவர் குனியவும் காலைத் தூக்கவும் படும் சிரமத்தை முதலில் சொல்லுங்கள்.

3. கண்ணால் காட்டுங்கள். நபி (ஸல்) அவர்கள் தரையில் கோடுகள் வரைந்து மனிதனின் ஆசையையும் ஆயுளையும் விளக்கியதாக ஹதீஸ் உண்டு. வரைபடம் எல்லோருக்கும் புரியாது. திண்ணையும் குழாயும் வரும் இடத்தைச் சாக்பீஸால் உண்மை அளவில் தரையில் வரையுங்கள். திண்ணை உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு, பெரியவர் ஒருவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

4. செலவை மறைக்காதீர்கள். முழு வேலைக்கு ஒரு தொகை, வழுக்காத தரையும் கைப்பிடியும் மட்டும் என்றால் ஒரு தொகை என இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

5. சிறிதாகக் கேளுங்கள். "முழுவதையும் இடிக்கலாம்" என்றால் தயங்குவார்கள். "ஒரு குழாயை மட்டும் மாற்றி ஒரு மாதம் பார்க்கலாமா?" என்றால் முத்தவல்லிக்கு முடிவெடுப்பது எளிது.

6. கேள்வியை எதிர்ப்பாக எண்ணாதீர்கள். தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்பவர் உங்கள் திட்டத்தைத் திருத்துகிறார். விடை தெரியாவிட்டால் குறித்துக்கொண்டு, "விசாரித்து அடுத்த ஜுமுஆவுக்குள் சொல்கிறேன்" என்று கூறி, சொன்னபடி வாருங்கள்.

பேச வராதவர்களுக்கு

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு அல்லாஹ்விடம் வேண்டினார்கள்; தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். நீங்களும் வரைந்து கொண்டுவந்து, பேசத் தெரிந்த நண்பரை உடன் அழைத்துக்கொள்ளலாம். பெண்கள் தொழும் இடத்தைப் பற்றிய திட்டம் என்றால், பெண்களே வரைந்து, அவர்களே விளக்க வாய்ப்புத் தாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமருங்கள். சமையலறை அலமாரியோ படிக்கும் மேசையோ, பிள்ளை ஒரு மாற்றத்தை மூன்று நிமிடத்தில் விளக்கட்டும். யாருக்குச் சிரமம், என்ன மாற்றம், எவ்வளவு செலவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பிறகு நன்னிமாவிடம் கேளுங்கள்: "பிள்ளை என்ன சொன்னான்?" அவர் திருப்பிச் சொல்லிவிட்டால், பிள்ளை சபையில் பேசத் தயார். இன்ஷா அல்லாஹ்.