டிவிடி படிக்காத கணினியும் அடுக்குகள் பாடமும்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. "டீச்சர், அவ சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா. கால்ல மாவுக்கட்டு போட்டிருக்காங்க. ஆறு வாரம் நடக்கக் கூடாதாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அன்று நான் தொடங்க இருந்த பாடம் அடுக்குகள். ஆறு வாரம் விட்டுப்போனால் அடுக்கு விதிகளும் அறிவியல் குறியீடும் அவளுக்கு மொத்தமாகப் போய்விடும். கணக்கில் தட்டுத்தடுமாறி இப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்த பிள்ளை அவள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்ற பழைய பல்லவிக்கே திரும்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். மலையடிவாரத்துச் சிற்றூர். அலைபேசியில் பேசுவதற்கே தெருமுனைக்கு வர வேண்டும். இணையவழி வகுப்பு, காணொலி எதற்கும் வழியில்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில், சேலைத் துணியால் மூடிய ஒரு மேசைக் கணினி இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் பழைய பாகங்களைச் சேர்த்து வாங்கி, விண்டோஸ் 10 போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் பள்ளி பீரோவில் கணக்குப் பயிற்சி மென்பொருள் அடங்கிய வட்டு ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. தமிழில் பேசிக்கொண்டே படிப்படியாகக் கணக்குச் செய்ய வைக்கும். தவறு செய்தால் எந்தப் படியில் தவறு என்று காட்டும். மாணவர் பயன்பாட்டுக்கு நகலெடுக்கலாம் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. மறுநாள் அதைக் கையோடு எடுத்துப் போனேன்.

டிரைவ் இருந்தது, படிக்கவில்லை

கணினியில் டிரைவ் இருந்தது. தட்டு வெளியே வந்தது, வட்டை வாங்கிக்கொண்டது, சுற்றியது, நின்றது, மீண்டும் சுற்றியது. திரையில் 'வட்டைச் செருகவும்' என்ற செய்தி மட்டும் வந்தது. வட்டில்தான் கீறலோ என்று மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துப் போட்டேன். பயனில்லை.

அப்போதுதான் டிரைவின் முகப்பைக் கவனித்தேன். அதில் சிடிக்கான முத்திரை மட்டுமே இருந்தது. என் கையில் இருந்ததோ டிவிடி.

இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 12 செ.மீ. விட்டம், நடுவில் துளை, பளபளப்பு. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சிடியைப் படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடிக்கு 650, புளூரேவுக்கு 405. சிடியில் சுருளாக ஓடும் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. டிவிடியில் அது 0.74 மைக்ரோமீட்டர். 700 எம்பி கொள்ளும் அதே அளவு வட்டில் 4.7 ஜிபி கொள்வதற்குத் தடங்கள் நெருங்கியதும் ஒரு காரணம். டிவிடி டிரைவ் சிடியையும் படிக்கும்படி செய்யப்படுகிறது. சிடி டிரைவால் டிவிடியைப் படிக்க முடியாது.

யூஎஸ்பியில் இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று இரவல் கிடைத்தால் வேலை எளிது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் செய்த இரண்டு தவறுகள்

பள்ளிக் கணினி அறையில் டிவிடி டிரைவ் உள்ள மேசைக் கணினி ஒன்று உண்டு. வட்டை அதில் போட்டு, உள்ளே இருந்த கோப்புகள் அனைத்தையும் என் பென் டிரைவில் நகலெடுத்தேன். மறுநாள் அவள் வீட்டில் 'செட்அப்' கோப்பைச் சொடுக்கினேன். நிறுவுதல் பாதி வரை ஓடி, மறுபடியும் 'வட்டைச் செருகவும்' என்று நின்றுவிட்டது. கோப்புகள் எல்லாம் இருந்தும் ஏன் கேட்கிறது?

சில மென்பொருள்கள் கோப்புகளை மட்டும் பார்ப்பதில்லை. தாம் வட்டு டிரைவில்தான் இருக்கிறோமா, அந்த வட்டின் பெயர் சரிதானா என்றும் பார்க்கின்றன. கோப்புகளைத் தனித்தனியே நகலெடுத்தபோது இந்த இரண்டு அடையாளங்களும் விட்டுப்போயின. ஆகவே வட்டு முழுவதையும், அதன் பெயர், அடுக்குமுறை எதுவும் கலையாமல், ஒரே கோப்பாக எடுக்க வேண்டும். அந்தக் கோப்புக்குத்தான் வட்டுப் படிமம் என்று பெயர். வழக்கில் ஐஎஸ்ஓ கோப்பு என்போம்.

எங்கள் பள்ளிக் கணினியில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, டிவிடி டிரைவைத் தேர்ந்து, 'கிரியேட் டிஸ்க் இமேஜ்' என்பதைச் சொடுக்கினேன். சிறிது நேரத்தில் 4.5 ஜிபி அளவில் ஒரே கோப்பு உருவானது.

அதைப் பென் டிரைவில் நகலெடுக்க முயன்றால், கோப்பு மிகப் பெரியது என்று மறுத்தது. பென் டிரைவோ 16 ஜிபி. முக்கால்வாசிக்கு மேல் காலி. காரணம் இடம் அல்ல. பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. விண்டோஸ் கணினி ஒன்றில் வைத்து, என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்தேன். கோப்பு ஏறியது. ஆனால் அதில் நான் வைத்திருந்த வினாத்தாள்கள் அழிந்துபோயின. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவள் நான். அவசரத்தில் எனக்கே மறந்துவிட்டது.

சரியாக அமைந்த வழி

1. வட்டின் உரிமக் குறிப்பைப் படியுங்கள். நகலெடுக்க அனுமதி இருந்தால் மட்டும் தொடருங்கள். நகல் தடுப்புப் பூட்டு உள்ள வட்டை உடைக்க முயல வேண்டாம்.

2. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். படிமம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் இது தேவையில்லை.

3. டிவிடி டிரைவ் உள்ள கணினியில் வட்டுப் படிமம் எடுங்கள். படிமத்தைப் பென் டிரைவில் ஏற்றிய பின் இரு கோப்புகளின் அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

4. வீட்டுக் கணினியில் முதலில் பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யுங்கள். பிறகு படிமத்தை ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். பென் டிரைவை அங்கேயே விட்டுவர வேண்டியிருக்காது.

5. விண்டோஸ் 8 முதல் வந்த பதிப்புகளில் ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினால் போதும். 'திஸ் பிசி' பக்கத்தில் புதிதாக ஒரு டிவிடி டிரைவ் தோன்றும். அது மெய்நிகர் டிரைவ். விண்டோஸ் 7இல் இந்த வசதி இல்லை. வின்சிடிஎமு போன்ற கட்டற்ற மென்பொருள் ஒன்றை முதலில் நிறுவ வேண்டும்.

6. அந்த டிரைவைத் திறந்து 'செட்அப்' கோப்பை இயக்குங்கள். மிகப் பழைய 16 பிட் மென்பொருள் என்றால் 64 பிட் விண்டோஸில் இயங்காது. அதற்கு டிரைவ் காரணமல்ல.

இந்த முறையில் மென்பொருள் தடங்கலின்றி நிறுவப்பட்டது. அறையில் முதல் கணக்கின் குரல் கேட்டதும், அடுப்படியில் இருந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்று பார்த்தார்.

அவள் கேட்ட கேள்வி

நான் பட்ட பாட்டை எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அது ஏன் டீச்சர் நாலு ஜிபியோட நிப்பாட்டினாங்க? அஞ்சு வெச்சிருக்கலாம்ல?" என்றாள்.

நான் நடத்த வேண்டிய பாடத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நோட்டில் ஒரு கட்டம் போட்டேன். கணினிக்கு 0, 1 என்ற இரண்டு இலக்கங்களே தெரியும். ஒரு கட்டத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? இரண்டு. இரண்டு கட்டத்தில்? அவளே எழுதிப் பார்த்தாள்: 00, 01, 10, 11. நான்கு. மூன்று கட்டத்தில் எட்டு. "ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டால பெருகுது டீச்சர்." ஃபேட்32 முறையில் கோப்பின் அளவை எழுதி வைக்க 32 கட்டங்கள்தான் ஒதுக்கப்பட்டுள்ளன. அப்படியானால் 2³² வகைகள். எண்ணுவது பூச்சியத்தில் தொடங்குவதால், எழுதக்கூடிய பெரிய எண் அதில் ஒன்று குறைவு.

1 ஜிபி என்பது 2³⁰ பைட். 2³² = 2² × 2³⁰. அடிமானம் சமமாக இருக்கும்போது அடுக்குகளைக் கூட்டும் விதிதான் இது. இங்கே பின்னோக்கிப் பயன்பட்டது. 2² என்றால் 4. ஆக 4 ஜிபி. அவள் விடையைப் பார்த்துவிட்டு, தானே பெருக்கத் தொடங்கினாள். வரிசையாக இரட்டித்துக்கொண்டே போய் 429,49,67,296 என்று முடித்தபோது இருட்டிவிட்டது.

நான்கு நாள் கழித்துப் போனபோது, மென்பொருள் திறக்காமல் போயிருக்குமோ என்ற கவலை இருந்தது. கணினியை அணைத்துப் போட்டால் மெய்நிகர் டிரைவ் மறைந்துவிடும் என்பதை அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். "மறுநாளே வட்டு கேட்டுச்சு டீச்சர். அந்தப் பெரிய ஃபைலை நீங்க ரெண்டு தடவை தட்டினது ஞாபகம் இருந்துச்சு. தட்டினேன், வந்துடுச்சு" என்றாள். நோட்டில் பதினோரு பக்கம் கணக்குப் போட்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அடித்தல் திருத்தல் நிறைய. எட்டாம் பக்கத்திலிருந்து குறைந்திருந்தது.

வகுப்பறைச் செயல்பாடு

அவள் திரும்பி வந்ததும், இதே செய்திகளை வைத்து வகுப்பில் மூன்று பயிற்சிகள் கொடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

• 780, 650, 405 நானோமீட்டர் அலைநீளங்களை மீட்டரில், அறிவியல் குறியீட்டில் எழுதி ஏறுவரிசைப்படுத்துதல். (விடை: 4.05 × 10⁻⁷, 6.5 × 10⁻⁷, 7.8 × 10⁻⁷)

• 4.7 ஜிபி டிவிடியில் உள்ளதை 700 எம்பி சிடிகளில் எழுத எத்தனை சிடி வேண்டும்? 1 ஜிபியை 1000 எம்பி எனக் கொள்க. (வகுத்தால் 6.71, ஆனால் விடை 7. ஏன் என்று பேச விடுங்கள்.)

• கோப்பின் அளவை எழுத 33 கட்டங்கள் இருந்தால் எல்லை எவ்வளவு ஆகும்? (8 ஜிபி. ஒரு கட்டம் கூடினால் எல்லை இரட்டிக்கும்.)

மூன்றாவது கேள்விக்கு முதலில் கை தூக்கியவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கினாள்.

இப்போது எங்கள் பீரோவில் உள்ள வட்டுகளில், நகலெடுக்க அனுமதி உள்ள ஒவ்வொன்றுக்கும் படிமம் எடுத்து, பள்ளிக் கணினியில் ஒன்றும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம். இரண்டு வட்டுகள் கீறல் விழுந்து முழுமையாகப் படிக்கவில்லை. கொஞ்சம் முந்தியிருந்தால் அவையும் கிடைத்திருக்கும். உங்கள் பள்ளியிலும் டிவிடி டிரைவ் ஓடும் கணினி ஒன்றாவது மிச்சமிருந்தால், அது நிற்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.