கைப்பேசியும் நம் பிள்ளைகளின் மனமும்



தெள்ளாரிலும் ஆரணிப் பக்கத்து ஊர்களிலும் தாய் தந்தையர் தறியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் அதே கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை வீட்டுக்கு வீடு காணலாம். பிள்ளை கண்ணெதிரே இருக்கிறான், கெட்ட சகவாசம் இல்லை என்று நாமும் நிம்மதியாய் இருந்துவிடுகிறோம். அந்த நிம்மதி சரிதானா என்று இவ்வாரம் ஆராய்வோம்.

1. வினா: இன்ஸ்டாகிராம், பேஸ்புக் முதலியவை பிள்ளைகளின் மனத்தை எவ்வாறு பிடித்துவைக்கின்றன?

விடை: புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு முடிவு உண்டு. இவற்றுக்கோ முடிவே இல்லை. விரலால் தள்ளத் தள்ளப் படம் வந்துகொண்டே இருக்கும். அன்றியும், 2009-ம் ஆண்டில் பேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் ஏற்பட்டது. அதுமுதல், தன் படத்தை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கமாயிற்று. எண்ணிக்கை குறைந்தால், தன்னையே யாரும் விரும்பவில்லை என்று இளம் மனம் வாடுகிறது.

2. வினா: இதனால் தீங்கு உண்டு என்பதற்கு ஆதாரம் என்ன?

விடை: பேஸ்புக் கம்பெனியாரே நடத்திய ஆராய்ச்சி 2021-ல் வெளியே வந்தது. தங்கள் உடலழகைப்பற்றி மனக்குறை ஏற்படும்போது இன்ஸ்டாகிராம் அதை அதிகமாக்குகிறது என்று சிறுமியருள் 100-க்கு 32 பேர் அதில் கூறியிருந்தனர். 2023 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவராயிருந்த விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்குமேல் இவற்றில் செலவிடும் இளவயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் முதலியவை ஏற்படும் அபாயம் இரண்டு மடங்கு என்றார். செல்போன் தொடும் பிள்ளைகள் எல்லாருமே நோயாளிகள் ஆவார்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. நன்மையும் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் தூக்கம் கெடுவதும், பிறரோடு தன்னை ஒப்பிட்டு ஏங்குவதும் மெய்யான தீங்குகளே.

3. வினா: நம் நாட்டில் இத்தகைய துயரம் நிகழ்ந்ததுண்டோ?

விடை: உண்டு. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டிப் பேஸ்புக்கில் பரப்பினார்கள். குடும்பத்தார் போலீசில் புகார் செய்தும் காரியம் தாமதப்பட்டது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அவள் எழுதிவைத்திருந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. குற்றம் செய்தவன் வேறொருவன். அவமானம் சுமந்தவளோ இந்தப் பெண். அந்நேரத்தில் ஒரு பிள்ளைக்கு முதலில் வேண்டியது, வீட்டார் தன்னை நம்புகிறார்கள் என்ற தைரியமே.

4. வினா: செல்போனைப் பிடுங்கிவிட்டால் போதாதா?

விடை: போதாது. பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படும் பிள்ளை, ஆபத்து வந்தாலும் வாய் திறக்காது. பாவில் இழை அறுந்ததும் கண்டால் முடிந்துவிடலாம். ஒரு முழம் நெய்தபின் கண்டால் சேலையில் குறை நின்றுவிடும் என்பது நெசவாளர்களாகிய நமக்குத் தெரியாததல்ல. ஆகவே முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல். அடிக்கமாட்டோம், உன்னை நம்புவோம்."

5. வினா: வீட்டில் செய்யவேண்டியவை யாவை?

விடை:
(அ) இரவில் எல்லாச் செல்போன்களும், பெற்றோருடையதும் உட்பட, ஓரிடத்தில் இருக்கட்டும்.
(ஆ) பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாய் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் சேராமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது.
(இ) படத்தைக் காட்டி எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், சாட்சியத்தை அழிக்காதீர்கள், 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.
(ஈ) மன வேதனைக்கு 14416 என்ற அரசாங்க எண்ணை இரவும் பகலும் இலவசமாய் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சிறுவர் உதவிக்கு 1098.

பெற்றோரே, நான்காம் விடையில் கண்ட வார்த்தைகளை இன்றிரவே, சாப்பிட உட்காரும்போது, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆபத்து வந்தபின் சொல்ல நினைத்தால் காலம் கடந்துவிடக்கூடும்.