கடல்நீர் மீன்தொட்டிக்குச் சிக்கனமான சம்ப் அமைக்கும் முறை

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முற்படுவோரில் பெரும்பாலார் தொட்டிக்கும், விளக்குக்கும், மீனுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். ஜலத்தைச் சுத்தி செய்யும் ஏற்பாட்டை மாத்திரம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து நாட்களுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து தவித்து மாண்டு போகின்றன. மீனை விற்றவர் மீதும், கடல் ஜலத்தின் மீதும், சில வீடுகளில் குழந்தைகள் மீதும் பழி சுமத்தப்படுகிறது. குற்றம் இவர்களில் ஒருவரையும் சேர்ந்ததன்று. மீனின் கழிவை மாற்றி அமைக்கும் இடம் தொட்டியில் இல்லாததே காரணம். அந்த இடத்தைக் குறைந்த செலவில் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் விதம் இங்கு விளக்கப்படுகிறது.

நம் பக்கத்தில் சம்ப் என்றால் வீட்டு வாசலில் தரைக்குள் கட்டிய நீர்த்தொட்டியென்று எல்லோருக்கும் தெரியும். மீன்தொட்டியின் சம்ப் என்பது, காட்சித் தொட்டிக்கு அடியில் மேஜைக்குள் மறைவாக வைக்கப்படும் இரண்டாவது தொட்டியாகும். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் ஜலம் குழாய் வழியே தானாக இதில் இறங்குகிறது. இங்கே சுத்தியடைந்த பின் ஒரு சிறு பம்பு அதை மறுபடியும் மேலே ஏற்றுகிறது. கலிங்கும், வடிகாலும், பம்பு செட்டும் கண்ட தஞ்சை ஜில்லாக் குடியானவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

வயற்சேறும் மீன்தொட்டியும்

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். அதிலும் கடல் ஜலம் இயல்பாகவே சற்றுக் காரத்தன்மை உடையதாகையால், ஆற்று ஜலத்தைவிட அதில் அமோனியாவின் கொடுமை அதிகம். ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையானவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரைட்டும் விஷமே, நைட்ரேட்டோ மிகவும் சேர்ந்தாலொழிய மீனைக் கொல்வதில்லை.

இதே காரியம் நெல் வயலிலும் நடந்துகொண்டிருக்கிறது. நீர் நிற்கும் வயலில் சேற்றின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய படலத்தில் மாத்திரம் பிராணவாயு இருக்கும். அதற்குக் கீழே இராது. அம்மோனியம் சல்பேட்டை மேலாகத் தூவினால், அப்படலத்தில் அது நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குகிறது. பிராணவாயு அற்ற சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்க, நைட்ரஜன் வாயுவாகி ஆகாயத்தில் போய்விடுகிறது. உரத்தைச் சேற்றுக்குள் புதைய வைக்கவேண்டும் என்று குடியானவர்களுக்கு ஓயாமல் சொல்லி வருவது இதற்காகத்தான். வயலில் நஷ்டமாக எண்ணி நாம் தடுக்கப் பார்க்கும் இந்த நிகழ்ச்சி மீன்தொட்டியில் லாபமாகிறது. ஆகவே சம்ப் என்பது, ஜலம் காற்றோட்டத்துடன் பாயும் ஓர் அறையும், சேற்றைப்போல் அசையாமல் கிடக்கும் ஒரு மணற்படுகையும் சேர்ந்ததென்று மனதில் கொண்டால், மற்றவை எளிதில் புரியும்.

அளவுகளும் அறைகளும்

மேல்தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் என்று கொள்வோம். இது சுமார் 190 லிட்டர் கொள்ளும். இதற்கு 30 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள சம்ப் போதுமானது. புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஒழுகாத பழைய மீன்தொட்டி ஒன்று கிடைத்தால், கண்ணாடிக் கடையில் மீதியாகும் துண்டுகளை வாங்கித் தடுப்புகளை மாத்திரம் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் சிலிகோன் பசை பூஞ்சணத் தடுப்பு மருந்து கலவாததாக இருத்தல் அவசியம். ஒட்டிய பின் ஒரு வாரம் காயவிட்டு, வெளியில் வைத்து ஒரு நாள் முழுதும் நல்ல ஜலம் நிரப்பிச் சோதிக்கவேண்டும். உப்பு ஜலத்தை ஊற்றிச் சோதிப்பவர் தரையையும் மேஜையையும் சேர்த்துச் சோதிக்கிறார்.

நீளத்தை நான்கு அறைகளாகப் பிரிக்க: முதலாவது 6 அங்குலம், இரண்டாவது 6, மூன்றாவது 11, கடைசி 7. முதல் தடுப்பு அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, உச்சி 13 அங்குலம் வரை எட்டுமாறு ஒட்டப்படும். அடுத்த இரண்டும் அடியோடு ஒட்டப்பட்டு, முறையே 10 அங்குலமும் 9 அங்குலமும் உயரம் உடையனவாக இருக்கும். மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்கு மடை வழியே நீர் இறங்குவதுபோல் ஜலம் படிப்படியாக இறங்கிச் செல்லும்.

முதல் அறையில் மேலிருந்து வரும் குழாயின் வாயில் நைலான் துணிப்பை ஒன்றைக் கட்டுக. தீனித் துணுக்கும் அழுக்கும் இதில் தங்கும். மூன்று நாளைக்கொரு முறை பையைக் கழற்றி அலசாவிட்டால் அங்கேயே அழுகி அமோனியாவாகும். இரண்டாம் அறையில் ஜலம் அடியிலிருந்து மேலேறும். இதில் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ ஏற்ற பொருளை நிரப்பவேண்டும். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த சீமைச் சரக்கு தேவையில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கு வரும் சுடாத கிளிஞ்சலையோ சிப்பி ஓட்டையோ நன்கு கழுவிக் காயவைத்து உபயோகிக்கலாம். காளவாயிலிருந்து வெளிவந்த சுட்ட கிளிஞ்சல் ஒரு பிடி கலந்துவிட்டாலும் சுண்ணாம்பின் காரத்தால் எல்லா உயிர்களும் மாண்டுவிடும். இதில் எள்ளளவும் கவனக்குறைவு கூடாது.

மூன்றாம் அறையில் கழுவிய ஆற்று மணலை 4 அங்குல கனத்திற்குப் பரப்பி, அதன்மேல் கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியைக் கொஞ்சம் விட்டு, மேலே ஒரு சிறு விளக்கு வைக்கவேண்டும். பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பயிர் உரத்தை உண்பதுபோல் உண்டு வளரும். அது பெருகப் பெருக ஒரு பகுதியை அறுத்து எறிந்தால், அச்சத்துக்கள் தொட்டியை விட்டே வெளியேறுகின்றன. மணலைக் கிளறலாகாது. வயற்சேற்றில் கால் வைத்தால் எழும் அழுகல் முட்டை நாற்றமுள்ள வாயு இங்கும் அடியில் உண்டாகலாம். அது வெளிப்பட்டால் மீனுக்கு ஆபத்து.

கடைசி அறை பம்புக்கு உரியது. மணிக்கு 950 லிட்டர், அதாவது மேல்தொட்டியின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு ஜலம் மேலே செல்லுதல் போதும். ஆனால் பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் கணக்கு ஜலத்தை உயர்த்தாமல் அளந்தது. கிணற்றின் ஆழம் அதிகமானால் பம்பு செட்டின் இறைப்பு குறைவதைப்போல், நான்கு அடி உயர்த்தும்போது இதுவும் குறையும். ஆகையால் 1,500 லிட்டருக்குக் குறையாத பம்பை வாங்குவது நலம்.

மேல்தொட்டியின் பின்புறக் கண்ணாடியில், தொட்டியை ஒட்டுவதற்கு முன்னரே கண்ணாடிக் கடையில் இரண்டு துளைகள் போடச் செய்து, ஓர் அங்குலப் பிளாஸ்டிக் குழாய்களைப் பொருத்தவேண்டும். ஒன்று வடிகால், மற்றது அது அடைத்துக்கொண்டால் உதவ, சற்று உயரத்தில் வைத்த கலிங்கு. துளை போடாமல் வளைகுழாயை விளிம்பில் மாட்டி உறிஞ்ச வைப்பாரும் உண்டு. மின்சாரம் நின்று திரும்ப வரும்போது அக்குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், பம்பு மேலே ஏற்றுவது முழுவதும் தரையில் வழியும். சில ரூபாய் மிச்சத்திற்காக இதைச் செய்தல் தகாது.

மின்சாரம் நின்றால்

சம்ப் அமைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. பம்பு நின்ற மறுகணம் மேல்தொட்டியில் வடிகாலுக்கு மேலே நிற்கும் ஜலம் எல்லாம் கீழே இறங்கும். நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் ஓர் அங்குல உயர ஜலம் என்பது பத்தரை லிட்டர். ஒன்றரை அங்குலம் இறங்கினால் 16 லிட்டர். குழாய்களில் இருப்பது 2 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 18. மேலே கூறிய சம்பில் ஓடும் மட்டத்திற்கு மேல் சுமார் 35 லிட்டருக்கு இடமிருக்கிறது. எனவே பயமில்லை.

ஆனால் பம்பின் ஜலம் மேல்தொட்டியில் விழும் குழாய்முனை நான்கு அங்குலம் மூழ்கியிருப்பதாகக் கொள்வோம். பம்பு நின்றதும் அதே குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கி, முனை வெளியே தெரியும் வரை இழுக்கும். 42 லிட்டரும் குழாய் ஜலமும் சேர்ந்து 44 லிட்டர் இறங்கும். 9 லிட்டர் உப்பு ஜலம் நடுநிசியில் கூடத்தில் ஓடும். குழாய்முனையை மட்டத்திற்கு அரை அங்குலத்திற்குமேல் மூழ்காமல் வைப்பதே இதற்குப் பரிகாரம். திரும்பாத வால்வு போட்டிருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம். ஒரு நத்தையோ உப்புப் பொருக்கோ அதில் மாட்டிக்கொண்டால் மூடாது.

பம்பு அறையைச் சிறியதாக வைத்ததற்கும் காரணம் உண்டு. வடிகால்கள் இரண்டும் அடைத்துக்கொண்டாலும், பம்பு மேலே ஏற்றக்கூடியது அந்த அறையிலுள்ள எட்டு, ஒன்பது லிட்டர்தான். மேல்தொட்டியின் விளிம்புக்கு ஓர் அங்குலம் இடம் விட்டிருந்தால் அது அங்கேயே அடங்கும். இவற்றையெல்லாம் காகிதத்தில் நம்பாமல், மீன் விடுமுன் பம்பின் சுவிட்சை நான்கைந்து முறை நிறுத்திப் போட்டுக் கண்ணால் பார்த்துவிடவேண்டும்.

ஜலமும் உப்பும்

வேதாரண்யம் உப்பைக் காவேரி ஜலத்தில் கரைத்தால் கடல் ஜலமாகும் என்பது தவறான எண்ணம். உப்பளத்தில் ஜலம் வற்றும்போது ஜிப்சம் முதலிய சுண்ணாம்புச் சத்துக்கள் முன்னதாகவே படிந்துவிடுகின்றன. பின்னர் உப்பு விளைகிறது. மக்னீஷியமும் பொட்டாசியமும் வடித்துக் கொட்டும் கசப்பு நீரில் போய்விடுகின்றன. சமையலுக்கு அது நன்மை. மீனுக்கு அது குறை. உலகின் பல பாகங்களிலிருந்து சாலஞ்சர் என்ற கப்பல் கொண்டுவந்த 77 கடல் ஜல மாதிரிகளை டிட்மார் என்பவர் ஆராய்ந்து, உப்பின் மொத்த அளவு எப்படியிருந்தாலும் முக்கியமான சத்துக்களின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்று 1884-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த விகிதத்தில் கலந்து விற்கப்படும் மீன்தொட்டி உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்கலாம். நம் தொட்டிக்கும் சம்புக்கும் சேர்த்து எட்டரைக் கிலோ பிடிக்கும்.

கடலோரத்தார் கடல் ஜலத்தையே எடுத்துவரலாம். ஆற்று முகத்துவாரத்திற்கு அருகிலும், ஐப்பசி கார்த்திகை மழையின்போதும் எடுத்தால் உப்பு குறைந்திருக்கும். ஜலத்தை இரண்டு வாரம் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு வடிகட்டி, ஒப்படர்த்தி 1.025 அளவில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். இதற்கு இறால் பண்ணைக்காரர்கள் உபயோகிக்கும் உப்புமானியே போதும்.

வெயிலில் ஆவியாவது ஜலமே, உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைவதை ஈடு செய்ய நல்ல ஜலம் ஊற்றவேண்டுமேயன்றி உப்பு ஜலம் ஊற்றக்கூடாது. பம்பு அறையில் ஒரு கோடு இட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் நிரப்புக. மாடியைக் கழுவிய முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்து வைத்த ஜலம் இதற்கு மிகவும் ஏற்றது. மயில்துத்தம் கரைத்த வாளியையும், மருந்து தெளிப்பானின் பாத்திரத்தையும் எத்தனை முறை கழுவியிருந்தாலும் இவ்வேலைக்கு எடுக்கலாகாது. பித்தளைக் குழாயும் ஆகாது. தாமிரம் சிறிதளவு கலந்தாலும் இறாலும் சிப்பியும் பிழைப்பதில்லை.

பவளமும் மீனும்

இத்தகைய தொட்டிகளை அயல்நாட்டார் பவளப்பாறைத் தொட்டி என்பர். ஜகார்த்தாவிலிருந்த லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிருள்ள பாறைகளையே எடுத்து வைத்துத் தொட்டி நடத்திய முறையை 1961-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டது முதல் அவ்வழக்கம் பரவியது. நம் நாட்டில் அதைப் பின்பற்ற இயலாது. பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. கடற்குதிரையும் கடல் அட்டையும் அவ்வாறே. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல், 1986 முதல் தேசியப் பூங்காவாகும். யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்து மலிவாகத் தருவதாகச் சொன்னால், வாங்குபவரும் குற்றவாளியாவார். சுட்ட ஓட்டுத் துண்டுகளை அடுக்கிக் குகைபோல் அமைத்தால் மீன்கள் அதிலும் மகிழ்ந்து புகுந்து திரியும்.

எல்லாம் அமைந்தபின், மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை மீன்தீனியை மாத்திரம் போட்டு வரவேண்டும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பின்னர் அதுவும் இறங்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். சோதனைச் சீசாவில் இரண்டும் இல்லையென்று தெரியும் வரை காத்திருக்கவேண்டும். குழந்தைகள் வெறும் தொட்டியைப் பார்த்து அலுத்துப் போவார்கள், அதற்காக அவசரப்படலாகாது. பிறகு பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் இரண்டை வாங்கி விடுக. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை நிலையத்திலும், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இம்மீனை இனப்பெருக்கம் செய்யும் முறை கைவரப்பெற்றிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் வலையில் பிடிபட்டதைப்போல் மிரளாமல் தீனி எடுக்கும். அடுத்த ஜதையை ஒரு மாதம் சென்ற பிறகே, அமோனியாவை மீண்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விடவேண்டும்.