இயன்முறை மருத்துவமும் செயற்கை நுண்ணறிவும்

மக்கள் உடம்பு இயங்குவதற்கென்றே அமைந்தது. நடத்தல், குனிதல், எடுத்தல், ஏந்தல் முதலிய தொழில்கள் தடையின்றி நிகழுங்கால் அவற்றின் அருமை நமக்குப் புலனாவதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை சோர்ந்தவரும், முறிந்த எலும்பு கூடிய பின்னும் முழங்கால் மடங்கப்பெறாதவருமே, ஒரு குவளை நீரைத் தாமே எடுத்துப் பருகுவதும் தரையில் அமர்ந்து எழுவதும் எத்துணைப் பெரிய பேறுகள் என்பதை உணர்வர். இழந்த இயக்கத்தை உடற்பயிற்சியாலும், கையின் அழுத்தத்தாலும், வெப்பம் மின்சாரம் முதலியவற்றாலும் மீட்டுத்தர முயலும் கலையே இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என வழங்குவதும் இதுவே. இக்கலையினுள் செயற்கை நுண்ணறிவும் கணிப்பொறிக் கருவிகளும் இக்காலத்து விரைந்து புகுந்து வருகின்றன. அவற்றுக்குத் தக்க பணி யாது, தகாத பணி யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், அதற்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

முதற்கண் இக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் என்பார் 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தே உடற்பயிற்சிக் கல்விக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் 1894ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கமே, அந்நாட்டு இயன்முறை மருத்துவர்களின் இன்றைய பெருங்கழகமாக வளர்ந்தது. நம் தமிழகத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு 1940களின் பிற்பகுதி முதல் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். ஒரு தசையின் நாணை எடுத்து வேறொரு தசையின் தொழிலுக்கு அமைப்பது அம்முறை. ஆயின் அறுவையோடு பணி முடிந்துவிடவில்லை. புதிய தொழிலைக் கைக்குக் கற்பிக்கும் நெடும்பயிற்சி அதன்பின் வேண்டியிருந்தது. அக்கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் நேர்ந்த வாகன விபத்தில் இரு கால்களும் செயலற்றவராயினார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அவர்தம் முயற்சியால் 1966ஆம் ஆண்டில் வேலூரில் ஒரு மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. இவ்வரலாறு முழுவதிலும் ஒருவர் கை மற்றொருவர் உடம்பைத் தொட்டு அறிந்து துணைசெய்தலே அடிப்படையாய் நிற்றல் காண்க.

இனி, கருவிகளின் வரவை ஆராய்வோம். மூட்டு எத்துணை மடங்குகிறது என்பதை அளக்க மருத்துவர் நெடுங்காலமாகக் கோணமானி என்னும் எளிய கருவியைக் கையாண்டு வருகின்றனர். 2010ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விளையாட்டுக்காகக் கைனெக்ட் என்னும் ஒரு காமிராவை வெளியிட்டது. அதன்முன் நிற்பவரின் தோள், முழங்கை, இடுப்பு முதலிய மூட்டுக்கள் இருக்குமிடத்தை அது தானே உணர்ந்தது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் நோயாளரின் அசைவை அளக்கவும் பயன்படும் என்பதை ஆராய்ச்சியாளர் விரைவில் கண்டுகொண்டனர். அக்கருவியின் உற்பத்தி 2017ஆம் ஆண்டில் நின்றுபோயினும் அதன் கருத்து நிற்கவில்லை. கூகுள் நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு முறை, கைப்பேசியின் காமிராவைக் கொண்டே உடம்பில் 33 புள்ளிகளைக் குறித்துத் தொடர்கின்றது. எண்ணற்ற படங்களில் மூட்டுக்களை மனிதர் குறித்துக் காட்ட, அவற்றினின்றும் கணிப்பொறி பொதுவிலக்கணம் கற்றுக்கொண்டு, புதிய படத்திலும் அவற்றைக் காண்கிறது. இதுவே அதன் அறிவின் இயல்பு.

இக்கருவிகள் உண்மையிற் பயன் தருவனவோ? இவ்வினாவிற்கு விடைகாண இருவேறு சோதனைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. முழங்கால் மாற்று அறுவைக்கு வந்த 306 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் வழக்கமான முறையில் பயிற்சி பெற்றனர். மற்றைப் பகுதியினர்க்கு வீட்டில் ஒரு திரையும் காமிராவும் தரப்பட்டன; திரையில் தோன்றிய உருவம் பயிற்சியைச் செய்து காட்ட, காமிரா அவர்தம் அசைவை அளந்தது. ஆறு வாரங்களின் முடிவில் முழங்கால் மடங்குதலிலும் நடையிலும் இவர்கள் மற்றவரினும் தாழ்ந்திலர். பன்னிரண்டு வாரத்துச் செலவோ ஒருவர்க்கு ஏறத்தாழ 2,700 டாலர் குறைந்தது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அத்திரைக்குப் பின்னே தொலைவிலிருந்து இயன்முறை மருத்துவர் ஒருவர் அளவுகளைக் கண்டு பயிற்சியைத் திருத்தி வந்தார்.

மற்றொன்று, பிரிட்டனில் நான்கு நிலையங்களில் நடந்து 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. பக்கவாதத்தால் கை தளர்ந்த 770 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாரார் நோயாளியின் கையைப் பற்றி வழிநடத்தும் இயந்திரத்தில், வாரம் மூன்றுமுறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடமாகப் பன்னிரண்டு வாரம் பயின்றனர். மற்றொரு சாரார் அதே கால அளவு மருத்துவரிடமே பயின்றனர். மூன்றாம் சாரார் வழக்கமான சிகிச்சையே பெற்றனர். குறித்த அளவிற்குக் கைத்திறன் பெருகினோர் முறையே நூற்றுக்கு 44, 50, 42 பேர். இவ்வேறுபாடுகள் உறுதியான மேம்பாடென்று கொள்ளும் அளவினவல்ல. இயந்திரத்தில் பயின்றோரின் கையசைவு ஓரளவு திருந்தியது உண்மையே. அத்திருத்தம் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனாக மாறவில்லை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் ஒரு கருத்துப் புலனாகும். முழங்கால் அறுவைக்குப்பின் வேண்டுவது பெரும்பாலும் அறிந்த பயிற்சியைத் தவறாது பலகால் செய்தலும், அளத்தலும், ஊக்குதலுமாம். இவற்றில் கருவி சலிப்படைவதில்லை, எண்ணிக்கை தவறுவதில்லை. பக்கவாதத்தில் வேண்டுவதோ, இழந்த அசைவை ஒரு நோக்கத்தோடு இணைத்தலாம். சட்டைப் பொத்தானை மாட்டுதல், சோற்றைப் பிசைந்து உண்ணுதல், பேரப்பிள்ளையைத் தூக்குதல் என ஒவ்வொருவர்க்கும் நோக்கம் வேறுபடும். அந்நோக்கத்தைக் கேட்டறிந்து, இன்று எதை முயலலாம், எதை நாளைக்கு நிறுத்தலாம் எனத் துணிவது மருத்துவரின் கடமை. எண்ணுவதும் அளப்பதும் கருவிக்கும், துணிவதும் தொடுவதும் மனிதர்க்கும் உரியன என்பதே யாம் கொண்ட முடிபு.

இம்முடிபு உண்மையாயின், இக்கலையைப் பயிற்றும் கல்லூரிகளில் கல்விமுறை எவ்வாறு அமைதல் வேண்டும்? கணிப்பொறி அங்கே பெருந்துணையாம் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க நாட்டு மருத்துவ நூலகத்தார் 1994ஆம் ஆண்டில் ஓர் ஆணுடம்பை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 குறுக்கு வெட்டுக்களாகப் படமாக்கி வெளியிட்டனர். உடலறுவைக் கூடத்தில் இடம்பெறாத மாணவரும் அத்தகைய படங்களைத் திரையில் திருப்பித் திருப்பிக் கண்டு தசைகளின் அமைப்பை அறியலாம். ஆனால் நோயாளியின் மூட்டை மெல்ல மடக்கிக்கொண்டே செல்லுங்கால், அதன் எல்லையில் எலும்போடு எலும்பு முட்டி நிற்கிறதா, தசை இறுகித் தடுக்கிறதா, வீக்கம் மெத்தென்று எதிர்க்கிறதா, வலிக்கு அஞ்சி நோயாளியே தடுக்கிறாரா என்பதைப் படம் உணர்த்தாது. அது பல நூறு உடம்புகளைத் தொட்டபின் விரல்நுனியில் ஊறும் அறிவு.

மேலும், 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்ததுமுதல், ஒரு நோயாளியின் குறிகளை எழுதிக் கேட்டால் பயிற்சித் திட்டத்தையே உரையாற்றும் கருவிகள் மாணவர் கைக்கு எட்டியுள்ளன. அவற்றின் நடை தெளிவானது. தவறு கூறும்போதும் அத்தெளிவு குறைவதில்லை. எழுதப்படாத ஆராய்ச்சிகளையும் எழுதப்பட்டனபோல் அவை காட்டுவதுண்டு. ஆதலின் மாணவர் முதலில் தம் கருத்தைத் தாமே எழுதிவிட்டுப் பின்னரே கருவியை வினவுதல் நலம். இரண்டும் மாறுபடுமிடத்தில் ஏன் மாறுபட்டன என்று ஆசிரியர் முன்னிலையில் ஆராய்வதே கல்வியாம். முதலிலேயே கருவியைக் கேட்பவர் விடையைப் பெறுவர். விடையைச் சோதிக்கும் ஆற்றலைப் பெறார்.

நிற்க. தமிழுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை இனிக் கூறுவோம். கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு மெல்சாக், 1975ஆம் ஆண்டில், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை வகைப்படுத்தி வலியை அளக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். வலி எத்துணை என்பதோடு எத்தகையது என்பதும் நோயறிதற்கு இன்றியமையாதது என்பது அதன் அடிப்படை. நம் மக்களும் வலியைப் பலவாறு பகுத்தே கூறுகின்றனர். கால் உளைகிறது, கை கடுக்கிறது, மூட்டுக் குடைகிறது, தோள் பிடித்துக்கொண்டது, பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போயிற்று என்பன ஒரு பொருட் சொற்களல்ல. நெடுந்தொலைவு நடந்தவர் உளைச்சல் என்பார். எரிச்சலும் மரத்தலும் பெரும்பாலும் நரம்பின் கேட்டை நினைப்பிக்கும். இவையனைத்தையும் 'வலி' என்னும் ஒரே சொல்லாக்கி மொழிபெயர்க்கும் கருவி, நோயாளி தந்த சான்றில் பாதியை இழந்துவிடுகிறது.

இதனினும் பெரிய இடரும் உண்டு. இடுப்புவலி என்று நம் ஊரார் கூறுவது பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலியையே. ஆங்கிலத்திற் பெயர்க்குங்கால் அது தொடையெலும்பின் மூட்டுவலியாகிவிடக் கூடும். நரம்பு என்று அவர் கூறுவது உணர்ச்சி நரம்பையோ, தசைநாணையோ, புடைத்த இரத்தக் குழாயையோ குறிக்கலாம். கால் என்னும் சொல் தொடை முதல் விரல்வரை செல்லும். எதிரிலிருக்கும் மருத்துவர் 'எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள், அம்மா' என்பார், ஐயம் நீங்கும். பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கற்றுத் தேர்ந்த கருவி ஐயமே கொள்ளாது மேற்செல்லும். ஆதலின் மதுரையிலும் நாகர்கோயிலிலும் மக்கள் வலியைக் கூறும் சொற்களைத் தொகுத்துப் பொருள் வரையறுத்தல், தமிழ் பயில்வோரும் மருத்துவம் பயில்வோரும் ஒருங்கே செய்யத்தக்க தொண்டாகும். காமிராவிற்கும் இக்குறை பொருந்தும். சேலையாலும் வேட்டியாலும் மூடிய முழங்காலை அது தெளிவுறக் காணாது. சம்மணமிட்டு அமர்தலும் குந்தியிருத்தலும் நம்மவர்க்கு எத்துணை இன்றியமையாதன என்பதை அதற்கு நாமே கற்பித்தல் வேண்டும்.

ஏழையரின் நிலையையும் கருதுவோம். நோயாளர் மிகப் பலர், மருத்துவர் சிலர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோயாளரின் இல்லம் தேடிச் செல்லுமாறு வகுக்கப்பட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் கூடி, கைப்பயிற்சிக்கென அடக்கமான புளூட்டோ என்னும் கருவியை உருவாக்கியுள்ளன. இல்லம் தேடிச் செல்லும் மருத்துவரின் பையில் இத்தகைய கருவி இருப்பின், அவர் சென்றபின்னும் பயிற்சி தொடரும். அவருக்கு மாற்றாகக் கருவியை மட்டும் அனுப்பின், செல்வர்க்கு மருத்துவரின் கையும் ஏழையர்க்குக் கைப்பேசியின் திரையும் என இருவகை மருத்துவம் தோன்றிவிடும். சிக்கனம் என்னும் நல்ல பெயரால் இவ்வநீதி நுழைதல் கூடும். இத்துறையில் நாம் விழிப்புடன் காக்கவேண்டிய வாயில் இதுவே.

நம் ஆண்டவர் ஓய்வுநாளில் சூம்பின கையையுடைய ஒருவனை நடுவில் நிற்கச்செய்து, கையை நீட்டுமாறு பணித்ததைச் சுவிசேஷங்கள் கூறுகின்றன. நீட்டும் முயற்சி அவனுடையதாயிற்று. அம்முயற்சிக்கு அவனைத் துணியச்செய்த சொல் அவன் முகத்தை நோக்கி வந்தது. தொழுநோயாளனையோ அவர் தொட்டே சுகமாக்கினார். கருவிகளை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையன்று. அளக்கவும் எண்ணவும் நினைவூட்டவும் அவற்றை நன்கு பயன்கொள்வோம். ஆயினும் தளர்ந்த ஒருவரை நோக்கி, 'முயன்று பாருங்கள், யாம் பிடித்துக்கொள்கிறோம்' என்று கூறும் குரலும், கூறியவாறே பிடித்துக்கொள்ளும் கையும் நம் மருத்துவமனைகளில் ஏழையர்க்கும் குறைவறக் கிடைப்பனவாக. அத்தொண்டிற்குத் தம்மை ஆயத்தம் செய்யும் மாணாக்கர்க்கு இறைவன் அருள்புரிவானாக.