ஏரிக்கரை வீடும் சங்கக் கட்டணமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டாலஸ், ஆஸ்டின், அட்லாண்டா பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி கேட்கும் பேச்சு, 'ஏரி தெரிகிற மாதிரி ஒரு வீடு'. ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டோடு சேர்ந்தே வருகிறது வீட்டு உரிமையாளர் சங்கம். அங்கே எல்லோரும் சொல்லும் பெயரில் ஹெச்.ஓ.ஏ. பத்திரம் பதிவான நாளில் நீங்கள் அதன் உறுப்பினர். விலக வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஏரி உள்ள குடியிருப்புகளில் இவற்றின் சுமை மற்ற இடங்களைவிடக் கூடுதல். இது தெரியாமல் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நம்பிக்கை: ஏரி எங்கே போய்விடப் போகிறது?

போகும். டெக்சஸில் இயற்கை ஏரிகள் மிகச் சிலவே. வீட்டு விளம்பரங்களில் வரும் பெரிய ஏரிகள் ஆற்றை மறித்துக் கட்டிய அணைகளால் நிற்பவை. குடியிருப்புக்குள் இருக்கும் சின்ன 'ஏரி', பெரும்பாலும் மழைநீர் தெருவில் தேங்காமல் வடிந்து சேரக் கட்டுமான நிறுவனம் வெட்டிய குளம். கரை, மதகு, கலிங்கு மூன்றையும் பராமரித்தால்தான் ஏரி என்பது நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்காவிலும் அதுவேதான்.

மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் மின்சாரத்துக்காகக் கட்டியது. அதன் பின்னால் தேங்கியது விக்ஸம் ஏரி. அதன் கரை முழுக்க வீடுகள், படகுத்துறைகள். பெருவெள்ளம் வந்தால் வெளியேற்றும் திறன் கலிங்குக்குப் போதாது என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல ஆண்டுகள் எச்சரித்தது. 2018இல் உரிமத்தையே ரத்து செய்தது. 2020 மே 19 அன்று கனமழையில் கரை சரிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் தாங்கவில்லை. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. விக்ஸம் ஏரி வடிந்தது. படகுத்துறைகள் சேற்றில் நின்றன.

யாருடைய பணத்தில் அதைத் திரும்பக் கட்டுவது? மாநில அரசு சுமார் 20 கோடி டாலர் தந்தது. அது போதவில்லை. அந்த அணை வரிசையில் இருக்கும் நான்கு ஏரிகளின் சொத்து உரிமையாளர்கள்மீது சுமார் 21.7 கோடி டாலர் சிறப்பு வசூலாக விதிக்கப்பட்டது. 40 ஆண்டுகளில் கட்டித் தீர்க்கலாம். அணையை அவர்கள் கட்டவில்லை, நடத்தவும் இல்லை. கரையில் வீடு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

டெக்சஸில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே உள்ள டன்லப் ஏரியிலும் இதுவே நடந்தது. 2019 மே மாதம் அணையின் மதகு ஒன்று உடைந்து ஏரி வடிந்தது. கரைவாசிகள் 2020இல் வாக்களித்துத் தங்கள்மேல் தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். 2023இல்தான் தண்ணீர் திரும்பியது.

இந்த இரண்டு இடத்திலும் அணை வேறு ஒருவருடையது. சின்னக் குடியிருப்பு ஏரிகளில் பெரும்பாலும் சங்கமே கரைக்குச் சொந்தக்காரர். தூர்வாருவது, பாசியை அகற்றுவது, கலிங்கைச் செப்பனிடுவது, மாநில ஆய்வாளர் கேட்கும் பழுதைப் பார்ப்பது எல்லாம் சங்கத்தின் தலையில், அதாவது உங்கள் தலையில். ஆகவே வீட்டைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சமையலறை எந்தத் திசையில் என்பதல்ல. அணை யாருடையது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்பதே.

நம்பிக்கை: கட்டணம் குறைவாக இருந்தால் நல்ல சங்கம்

பெரும்பாலும் நேர்மாறு. புதுக் குடியிருப்பில் வீடுகள் விற்றுத் தீரும்வரை சங்க நிர்வாகம் கட்டுமான நிறுவனத்தின் கையில் இருக்கும். ஃபுளோரிடா சட்டப்படி பொதுவாக 90 சதவீத மனைகள் விற்று மூன்று மாதம் ஆன பிறகுதான் நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையை உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். அதுவரை கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவது விற்பனைக்கு உதவும். பிறகு பொறுப்பு கைமாறும்போது சேமிப்பு நிதி காலியாக இருக்கும். வீட்டு உரிமையாளர் சங்கங்கள் இப்படி ஒரு சேமிப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் இல்லை.

காசு இல்லாதபோது பழுது வந்தால் சிறப்பு வசூல்தான். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேரைப் பலிகொண்ட அடுக்குமாடியில், பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலர் திரட்ட வேண்டியிருந்தது. பழுதைப் பொறியாளர் 2018இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். செலவைப் பற்றிய சச்சரவிலேயே வருடங்கள் போயின. அது ஏரிக்கரை அல்ல, கடற்கரை. ஆனால் தள்ளிப்போட்ட பராமரிப்பு எங்கேயும் ஒன்றுதான்.

வங்கி கடன் தகுதியைக் கணக்கிடும்போது சங்கக் கட்டணத்தையும் மாதச் செலவில் சேர்க்கும். குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கட்டணத்தை வருமான வரியில் கழிக்க முடியாது.

நம்பிக்கை: ஏரிக்கரை மனை என்றால் கரையும் நம்முடையது

அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேனியர் ஏரியை நிர்வகிப்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. கரையை ஒட்டிய நிலம் மத்திய அரசுடையது. தனியார் படகுத்துறைகளுக்கு மொத்தம் 10,615 என்று உச்சவரம்பு உண்டு. வீட்டை வாங்கினால் படகுத்துறை அனுமதி தானாக உங்கள் பெயருக்கு வராது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஏரி தெரிவதற்காகக் கரையிலுள்ள மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். 'படகுத்துறையோடு வீடு' என்று விளம்பரம் சொன்னால், அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: விதிகளெல்லாம் பேருக்குத்தான்

குடியேறிய பின் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் கடிதம் வரும்போதுதான் புரியும். வேலியின் உயரம், வீட்டுச் சுவரின் வண்ணம், குப்பைத்தொட்டி தெருவில் நிற்கும் நேரம், வாடகைக்கு விடலாமா என்பது வரை எழுதிவைத்திருக்கும். முன்பக்கத்தில் கீரைப்பாத்தி போட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: ஃபுளோரிடாவில் நகராட்சிகள் காய்கறித் தோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்று 2019இல் சட்டம் வந்தது. ஆனால் அது சங்கங்களைக் கட்டுப்படுத்தாது.

இதற்கு எதிர்த்திசையில், சங்கம் நினைத்ததெல்லாம் செல்லும் என்பதும் பொய். டெக்சஸில் 2021இல் வந்த சட்டம், உங்கள் வீட்டிலும் மனையிலும் சமய நம்பிக்கையால் வைக்கும் பொருள்களைச் சங்கம் பொதுவாகத் தடுக்க முடியாது என்கிறது. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியதற்கு நோட்டீஸ் வந்தால் பயந்து கழற்ற வேண்டாம், பதில் எழுதுங்கள். உங்கள் சொந்த வீட்டில் ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ் ஆன்டெனாவைச் சங்கம் தடைசெய்யக் கூடாது என்பது 1996 முதல் மத்திய விதி.

நம்பிக்கை: கட்டண பாக்கிக்காக வீட்டையா பறிப்பார்கள்?

பல மாநிலங்களில் பறிக்கலாம். டாலஸ் புறநகரில் சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு ராணுவக் குடும்பத்தின் வீடு, 800 டாலர் அளவிலான பாக்கிக்காக 3,500 டாலருக்கு ஏலம் போனது. வழக்குத் தொடுத்துப் பேசித் தீர்த்த பிறகே வீடு திரும்பக் கிடைத்தது. அதன் பின் 2011இல் டெக்சஸ் சட்டத்தைத் திருத்தி, ஏலத்துக்கு முன் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றாக்கியது. ஆனால் ஏலம் விடும் உரிமை இன்னும் இருக்கிறது. சங்கத்தோடு தகராறு என்றால் முதலில் கட்டணத்தைக் கட்டுங்கள், பிறகு சண்டை போடுங்கள்.

நம்பிக்கை: வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் பார்த்துக்கொள்ளும்

பார்த்துக்கொள்ளாது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு தனி. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே செல்லும். மற்றபடி 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் செய்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

வீடு வாங்கும் மகனுக்கோ மகளுக்கோ முன்பணம் அனுப்பும் ஊரிலுள்ள பெற்றோரும் சில காகிதங்களைக் கேட்கலாம், கேட்க வேண்டும்: சங்கத்தின் விதித்தொகுப்பு, கடைசி மூன்று ஆண்டு கூட்டக் குறிப்புகள், சேமிப்பு நிதிக் கணக்கு, அணை ஆய்வு அறிக்கை, நடக்கும் வழக்குகளின் விவரம். இவற்றைக் கையெழுத்துக்கு முன் வாங்கிப் படியுங்கள். புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞருக்குச் சில நூறு டாலர் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். காகிதம் தரத் தயங்கும் சங்கமென்றால், ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.